நாயைக் குளிப்பாட்டும் நல்லோர்க்கு ஒரு திறந்த மடல்



வாரத்தில் ஆறு நாளும் அலுவலகம், பள்ளிக்கூடம் என்று பறந்துவிட்டு, ஏழாம் நாள் காலையில் காபி குடித்த கையோடு, "இன்றைக்கு இதைக் குளிப்பாட்டாமல் விடுவதில்லை" என்று சங்கற்பம் செய்துகொண்டு, வேட்டியையோ லுங்கியையோ மடித்துக் கட்டி, கட்டிலுக்கு அடியில் குனிந்து வீட்டு நாயைத் தேடுகிறவர்கள் யாரோ அவர்கள் அனைவரையும் உத்தேசித்து இதை எழுதுகிறேன். ஒருவர் சங்கிலியை இழுக்க, ஒருவர் பின்புறத்தைத் தள்ள, ஒருவர் குளியலறைக் கதவைத் தாழிட, பாட்டி கூடத்தில் உட்கார்ந்தபடி ஆலோசனை வழங்க, நால்வர் கூடி ஒரு வாயில்லாப் பிராணியை வெல்லும் இந்த வைபவம் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் அடுக்குமாடிக் கட்டடங்களில் வாராவாரம் நடைபெறுகிறது. முடிவில் எல்லோரும் நனைந்து, நாய் மாத்திரம் அரைகுறையாகக் குளித்து வெளியே வருகிறது. "அடம், சுத்த அடம்" என்ற தீர்ப்பும் உடனே வழங்கப்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று உங்களிடம் மனுச் செய்துகொள்ளவே வந்தேன். நாய் அடம் பிடிக்கவில்லை. தனக்குக் கிடைத்த சாட்சியங்களை வைத்து, குளியலறை அபாயமான இடம் என்று நியாயமாகவே அது முடிவு கட்டியிருக்கிறது. அந்த முடிவைப் பலாத்காரத்தால் மாற்ற முடியாது. அதற்கு மாறாக, "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையை நாய்க்கு மனப்பூர்வமாகக் கொடுத்துவிட்டோமானால், அது அந்த உரிமையைப் பிரயோகிக்கும் சந்தர்ப்பங்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும் இந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரம் உண்டு.

முதலாவதாக, நாய் தண்ணீரை வெறுக்கிறது என்னும் எண்ணத்தை விட்டுவிடவேண்டும். உங்கள் வீட்டில் இருப்பது லாப்ரடார் ஆனால், அதன் மூதாதையர் வட அமெரிக்காவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில், பனிக்கட்டி மிதக்கும் கடலில் குதித்து, மீனவர்களின் வலையையும் தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் கவ்விக் கொண்டுவந்து பிழைத்தவர்கள். பெசன்ட் நகர்க் கடற்கரையில் அலையைக் கண்டால் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிற அதே நாய்தான் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரைக் கண்டு நடுங்குகிறது. ஆகவே குற்றம் தண்ணீரின் மேல் இல்லை. வழவழப்பான ஓடு பதித்த தரையில் நாய் நிற்பதை ஒருமுறை உட்கார்ந்து கவனியுங்கள். நான்கு கால்களும் வெவ்வேறு திசையில் மெல்ல விலக, ஊன்றிக்கொள்ள முயன்று நகங்களை நீட்ட, நீட்டிய நகமே தரையில் சறுக்கி மேலும் வழுக்கச் செய்ய, முதுகை வளைத்து வாலைச் செருகிக்கொண்டு அது நிற்கும் நிலையைப் பார்த்தால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னமேயே அதன் தைரியம் போய்விட்டது என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். அதற்கு மேல் மூடிய கதவு, நான்கு சுவரிலும் மோதி எதிரொலிக்கும் குழாய்ச் சத்தம், கழுத்தை இறுக்கும் பிடி, நம் மூக்குக்கே காரமான ஷாம்பு வாசனை. இவை அனைத்துக்கும் சிகரமாக, சாப்பாட்டுக்கு அழைக்கும் அதே செல்லக் குரலில் பெயர் சொல்லி அழைத்துப் பிடித்துக்கொள்ளும் வஞ்சனை வேறு! இந்தச் சங்கடங்களில் பாதியை ஒரு பழைய கோணிச் சாக்கு நிவர்த்தி செய்துவிடும். அதை நனைத்துத் தரையில் விரித்துவிட்டால், அல்லது ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுவிட்டால், நாய்க்குக் கால் நிற்கும். கால் நின்றால் மனமும் ஓரளவு நிற்கும்.

மற்றப் பாதிக்குச் சற்று விஸ்தாரமாகப் பேசவேண்டியிருக்கிறது. ஜீரண உறுப்புக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபெல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ் என்னும் ருஷ்ய விஞ்ஞானியை நாம் எல்லோரும் அறிவோம். உணவுக்கு முன்னால் ஓர் ஓசையைப் பலமுறை கேட்டுப் பழகிய நாய், அந்த ஓசையைக் கேட்ட மாத்திரத்திலேயே எச்சில் ஊறப்பெறும் என்று காட்டியவர் அவர். ஆனால் அவருடைய நாய்களின் சரித்திரத்தில் நமக்கு உபயோகமான அத்தியாயம் வேறொன்று. 1924 செப்டம்பர் 23-ஆம் தேதி நேவா நதி கரைபுரண்டு லெனின்கிராத் நகரத்துக்குள் புகுந்தபோது, நாய்க்கூடங்களிலும் வெள்ளம் ஏற, ஊழியர்கள் அந்த நாய்களை ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு நீந்தச் செய்தே காப்பாற்ற வேண்டியதாயிற்று. பிழைத்த நாய்கள் சிலவற்றில், நெடுங்காலம் பொறுமையுடன் பழக்கிய பழக்கங்கள் எல்லாம் குலைந்துபோயிருந்தன. பிற்பாடு மெல்ல மெல்லத் தேறிவந்த ஒரு நாய் இருந்த அறைக்குள், கதவின் அடியாகச் சிறிதளவு தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். அந்தச் சிறு நீரோட்டமே போதுமானதாக இருந்தது. நாய் மீண்டும் நிலைகுலைந்துவிட்டது.

உங்கள் நாய் வெள்ளத்தில் சிக்கியதில்லைதான். எனினும் மூன்று மாதக் குட்டியாக இருந்தபோது, குளியலறையில் அதைப் பிடித்து அமுக்கி, தலைமேல் சொம்பு சொம்பாக ஊற்றிய அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதனளவில் ஒரு வெள்ளமே. அதனால்தான் பக்கத்து அறையில் குழாய் திறக்கும் ஓசை கேட்டவுடன், அலமாரியிலிருந்து அந்தத் துண்டை எடுத்தவுடன், கட்டிலின் அடி அதற்கு அடைக்கலம் ஆகிறது.

அச்சத்தை நீக்கும் வழியும் அதே 1924-இல் அச்சேறியது என்பது ஓர் அபூர்வமான ஒற்றுமை. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவனைப் பற்றி அவ்வாண்டில் எழுதினார். பையன் தனக்குப் பிரியமான பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலிட்ட முயலை அவன் அமைதி கலையாத தூரத்தில் வைத்து, நாள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாக நெருக்கத்தில் கொண்டுவந்தார்கள். இறுதியில் அவனே முயலைத் தடவிக் கொடுக்கலானான். இந்த முறையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருப்பதை அந்த அம்மையார் சொல்லத் தவறவில்லை: அவசரப்பட்டு முயலை நெருக்கிவிட்டால், முயலின் மேலுள்ள பயம் போவதற்குப் பதிலாக, தின்பண்டத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடக்கூடும். பிஸ்கட்டைக் காட்டி நாயைக் குளியலறைக்குள் இழுத்து, உள்ளே வந்ததும் கதவைச் சாத்துகிறவர்கள், சில வாரங்களுக்குப் பின் பிஸ்கட்டைக் கண்டாலே நாய் ஓடுகிறதே என்று வியப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் குழாய்ச் சத்தம், பிறகு தின்பண்டம். முதலில் ஈரத் துணியின் ஸ்பரிசம், பிறகு தின்பண்டம். எது வரப்போகிறது என்பதைத் தண்ணீர் அறிவிக்கவேண்டுமே அல்லாமல், தின்பண்டம் அறிவிக்கக் கூடாது. தொடக்கத்தில் சில நாள் தண்ணீரே வேண்டாம். கதவு விரியத் திறந்திருக்க, தரை உலர்ந்திருக்க, சாக்கின் மேல் அதன் வழக்கமான சாப்பாட்டைக் குளியலறையில் வைத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். அடுத்தபடி, அது சாக்கின் மேல் நிற்கும்போது வேறோர் அறையில் குழாய் ஒழுகட்டும். அதற்கடுத்து இந்த அறையிலேயே மெல்லிய தாரை. பின்னர் ஈரத் துணி பாதத்தில் ஒருமுறை. பின்னர் ஒரு குவளைத் தண்ணீர், அதுவும் காலில் மட்டும். ஒவ்வொன்றின் பின்னாலும் வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு. சைவக் குடும்பமானால், எவர்சில்வர் தட்டில் கெட்டித் தயிரைத் தடவி நாயின் முகத்துக்கு நேரே பிடித்தால், அதை நக்கி முடிப்பதற்குள் ஒரு காலைக் கழுவிவிடலாம். திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்ந்த பண்டம் எதுவும் ஆகாது. அவை நாய்க்கு நஞ்சு. இரண்டொரு நிமிஷங்களில், நாய் இன்னும் சாந்தமாக இருக்கும்போதே, நிறுத்திவிட வேண்டும். நன்றாக நடக்கிறதே, இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்ற ஆசையில்தான் பல நாள் உழைப்பு பாழாகிறது.

நாய் சாந்தமாக இருக்கிறதா என்பதை எப்படி அறிவது என்று நீங்கள் கேட்கலாம். அது வாய் திறந்து பேசாவிட்டாலும், உடம்பு முழுவதாலும் பேசிக்கொண்டே இருக்கிறது. பசியில்லாதபோது உதட்டை நக்குதல், தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுதல், முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு விழியின் வெண்மை தெரிய உங்களைக் கடைக்கண்ணால் பார்த்தல், காதுகளைப் பின்னுக்கு மடித்தல் ஆகியவை எல்லாம் "எனக்குச் சௌகரியமாக இல்லை" என்ற விண்ணப்பங்கள். இவற்றைக் கவனியாது விட்டால், சிலை போல் அசையாமல் நின்றுவிடும். இதைத்தான் பலர், "பார்த்தீர்களா, அடங்கிவிட்டது" என்று மகிழ்ச்சியோடு சொல்லுகிறார்கள். அது அடக்கமன்று, கடிக்குமுன் வரும் இறுதி மௌனமாகவும் அது இருக்கலாம். உறுமலைக் குறித்தும் ஒரு வார்த்தை. உறுமுகிற நாயை அடித்தால் உறுமல் நிற்கும், அச்சம் நிற்காது. அடுத்த முறை அது முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். உறுமி எச்சரிக்கும் நாய் உங்களுக்கு உபகாரமே செய்கிறது என்பதை, குழந்தைகள் உள்ள வீட்டார் விசேஷமாக நினைவில் வைக்கவேண்டும்.

இனி, உரிமை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். உயரம் குறைந்த முக்காலி ஒன்றின் மேல் மடித்த துண்டைப் போட்டு, அதில் மோவாயை வைத்தால் தின்பண்டம் உண்டு என்று நாய்க்குப் பழக்குங்கள். சாமர்த்தியமான நாய் இதை விரைவிலேயே கற்றுக்கொள்ளும். பிறகு, மோவாய் துண்டின் மேல் இருக்கும் வரையில்தான் உங்கள் கையில் உள்ள சீப்பு அசையும்; மோவாய் உயர்ந்தால் சீப்பு அந்தக் கணமே நிற்கும். திட்டுதல் இல்லை, இழுத்தல் இல்லை. முதல் சில நாள் நாய் உங்களைப் பரீட்சித்துப் பார்க்கும். தலையைத் தூக்கும், நீங்கள் நிஜமாகவே நிறுத்துகிறீர்களா என்று கவனிக்கும். நிறுத்துகிறீர்கள் என்பது நிச்சயமானதும், தானே மோவாயைக் கொண்டுவந்து வைக்கும். அந்தச் சின்னக் காரியத்தைப் பார்க்கும்போது உண்டாகும் சந்தோஷத்தை அனுபவித்தவர்களே அறிவார்கள். இங்கிலாந்தில் சிராக் பட்டேல் என்னும் பயிற்சியாளர் இதே தத்துவத்தை வைத்து, 'வாளி விளையாட்டு' என்ற ஒன்றைப் பிரபலப்படுத்தியிருக்கிறார்: தின்பண்டம் நிறைந்த சிறு வாளியை நாய் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் வேலை நடக்கும், பார்வையை விலக்கினால் வேலை நிற்கும். மிருகக்காட்சிச் சாலைகளில் யானை தானாகவே பாதத்தைத் தூக்கிக் கொடுத்துச் சிகிச்சை பெற்றுக்கொள்வதும் இத்தகைய பழக்கத்தினால்தான். யானையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவர எவராலும் முடியாதாகையால், அங்கே இந்த விவேகம் முன்னதாகவே பிறந்துவிட்டது போலும்.

"நாயிடமெல்லாமா சம்மதம் கேட்பது?" என்று வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கக்கூடும். அவர்களுக்கு அவர்களுடைய பாலியத்துச் சனிக்கிழமைகளை ஞாபகப்படுத்துவேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டவுடன் கொல்லைப்புறமாக ஓடியது எண்ணெயின் மேலுள்ள வெறுப்பினாலா, அல்லது கண்ணைத் திறக்கவிடாமல் சீயக்காயைத் தேய்த்த கையின் வேகத்தினாலா? "கண்ணை மூடிக்கொள், ஊற்றப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஊற்றிய அத்தையிடம் மாத்திரம் சமர்த்தாக உட்கார்ந்திருந்தோம் அல்லவா?

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கவேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கவேண்டும் என்று நம்மவர் சொல்லுவது நாய்க்கும் பொருந்தும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி முதலிய நம் நாட்டு நாய்களுக்கு உடலோடு ஒட்டிய குட்டை ரோமம். ஈரத் துணியால் துடைத்து, ரப்பர்க் கையுறையால் தேய்த்துவிட்டாலே பெரும்பாலும் சுத்தமாகிவிடும். தோல் நோய் இல்லாத நாய்க்கு வாராவாரம் ஸ்நானம் தேவையே இல்லை. மாதம் ஒருமுறை போதும். ஞாயிறுதோறும் போராடுகிறவர்கள் இந்த ஒரு செய்தியினாலேயே தங்கள் போரில் முக்கால் பங்கை விட்டுவிடலாம். பாமரேனியன் போன்ற சடை நாய்களின் கதை வேறு. அவற்றுக்கு மேலே நீண்ட முடியும், அடியில் பஞ்சு போன்ற முடியுமாக இரண்டு அடுக்கு உண்டு. சிக்கு எடுக்காமல் நனைத்தால் அந்தச் சிக்கு இறுகித் தோலை இழுக்கும். ஆதலால் குளியலுக்கு முன்பே, உலர்ந்த நிலையில் சீவி எடுத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் பரிதாபப்பட்டு அவற்றை மொட்டையடிப்பது பெருந்தவறு. அந்த அடுக்குகளே வெப்பத்தைத் தடுக்கும் கவசம், மழித்த முடி சில நாய்களுக்குப் பழையபடி வளர்வதும் இல்லை.

வெயில் என்றதும் மற்றொன்று. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் வரும் தண்ணீரும், வெயிலில் கிடந்த ரப்பர்க் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரும் தோலைச் சுடும். உங்கள் முழங்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்த பின்பே நாயின் மேல் ஊற்றுங்கள். பாதத்தில் ஆரம்பித்து மேலே செல்லுங்கள். தலையில் ஊற்றுவது மனித வழக்கம். நாய்க்கு முகத்தைக் கடைசியில் ஈரத் துணியால் துடைத்தால் போதும். அதன் தோல் நம் தோலைவிட மெல்லியது, அமிலத்தன்மை குறைந்ததும்கூட. நாம் தேய்த்துக்கொள்ளும் சோப்பும், தரை கழுவும் கிருமிநாசினியும் அதற்கு ஆகா. நுரை துளியும் எஞ்சாமல் அலசவேண்டும்; எஞ்சிய நுரை அரிக்கும், அரிப்பைச் சொறிந்து புண்ணாகும். காதுத் துவாரம் உள்ளே செங்குத்தாக இறங்கிப் பிறகு வளைந்து செல்வதால், புகுந்த நீர் எளிதில் வெளிவராது. வீங்கிய காதும் கெட்ட வாசனையும் அதன் பலன். முடிந்தவுடன் உதறிக்கொள்ள இடம் விட்டு விலகி நில்லுங்கள்: பிராணிகள் உதறிக்கொள்வதை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர், லாப்ரடார் நாய் வினாடிக்கு நாலு தடவைக்கு மேல் உடம்பைச் சுழற்றி உதறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், எந்தத் துண்டுக்கும் அந்த வல்லமை இல்லை. அதன் பின் நேரே போய்ப் புழுதியில் புரளுமே என்றால், புரளத்தான் செய்யும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதையைச் சொல்லி அதன் புத்தியை இகழ வேண்டியதில்லை. நம் ஷாம்பு வாசனையை அகற்றித் தன் வாசனையை மீட்டுக்கொள்ள அது பிரயாசைப்படுகிறது, அவ்வளவே. மணக்காத ஷாம்பை வாங்குங்கள்.

நகம் வெட்டுவது குளியலைவிடக் கடினமான கலை. நகத்தின் உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. வெள்ளை நகமானால் இளஞ்சிவப்பாகத் தெரியும், கறுப்பு நகமானால் தெரியவே தெரியாது. அதை ஒருமுறை வெட்டிவிட்டால், பிறகு நகவெட்டியின் 'டிக்' என்ற ஓசையே அந்த நாய்க்கு நேவா நதியின் வெள்ளமாகிவிடும். நாளுக்கு ஒரு நகம், அதுவும் நுனியைத் துளி துளியாக வெட்டுவதே உத்தமம். அதற்கும் இணங்காத நாய்க்கு ஓர் அழகான உபாயம் உண்டு: ஒரு பலகையில், தச்சர்கள் உபயோகிக்கும் உப்புத்தாளை ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, அதன் மேல் முன்னங்காலால் பிறாண்டினால் ஈரல் துண்டு கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துவிட்டால், தன் நகத்தைத் தானே அது தேய்த்துக்கொள்ளும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூலி கொடுத்தால் மட்டும் போதும்.

இத்தனை பொறுமைக்கு அவகாசம் இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். மழைக்காலம் கழிந்து உண்ணி பெருகும்போது, விரல் இடுக்கிலும் காதின் உட்புறத்திலும் தினந்தோறும் பார்த்தாகவேண்டும். உண்ணியால் பரவும் காய்ச்சல் நாயைக் கொல்லக்கூடியது. மண்ணெண்ணெய் தடவும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நேற்றுவரை சுகமாகக் குளித்த நாய் இன்று திடீரென்று உறுமினால், அதைப் பழக்கத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டவேண்டும். காதில் சீழோ, வயதான நாயின் இடுப்பில் மூட்டு வாதமோ இருந்தால், எந்த ஈரல் துண்டும் அந்த வலியை ஆற்றாது. மயக்க மாத்திரையை நீங்களாகக் கொடுப்பது கூடவே கூடாது. அளவு தவறினால் ஆபத்து என்பதோடு, உடலை மட்டும் அடக்கி அச்சத்தை அப்படியே விட்டுவைக்கும் மருந்துகளும் இருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போதெல்லாம் பெரிய ஊர்களில் நாய்க்கு முடிதிருத்தும் நிலையங்கள் பெருகியிருக்கின்றன. வீட்டில் முடியாததால் பலர் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, மணி பார்த்துத் திரும்பி வருகிறீர்கள். விடுவதற்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வேலை நடக்கும்போது நான் பக்கத்தில் நிற்கலாமா? நாய் பயந்தால் பாதியில் நிறுத்தி, மீதியை இன்னொரு நாள் செய்வீர்களா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் நிலையத்துக்குக் கூலி சற்று அதிகமானாலும் கொடுங்கள். இல்லை என்று சொன்னால், அழுக்கு நாயோடு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்களைப் போல் நாய் வளர்க்கும் ஒருவன்.